வேதசாட்சியின் கால் விரல்கள்

நான் பயந்த மனுஷன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வாசிக்கிறவர்கள் என்னிடம் வீரத்தை எதிர்பார்த்துப் பிறகு ஏமாறக் கூடாது. லிஃப்டுக்குப் பயம். நாய்க்குப் பயம். எல்லாப் பேப்பரும் சரியாக இருக்கும்போதும் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர் வாசலைக் கடந்து போகப் பயம். இத்தாலியத் தீவு நகரமான இந்தப் பலெர்மோவில் இத்தனை வருடம் இருந்த பிறகும், ஸ்கூட்டரில் வருகிறவர்கள் என்னைக் கண்டதும் வேகத்தைக் கூட்டுகிறார்கள் என்றே நம்புகிறேன். என் மனைவி நேர்மாறு. மன்னார்க்காரி, கத்தோலிக்கப் பெண். எங்கள் வீட்டில் கரப்பான் அடிப்பது அவள்தான்.

அந்த மாசி மாதம் மகளின் கழுத்தில் ஒரு கட்டி இருப்பது தெரியவந்தது. செயின் கொழுவிவிடும்போது மனைவியின் விரலில் தட்டுப்பட்டது. தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, வலப் பக்கமாக, சின்ன நெல்லிக்காய் அளவு. மகளுக்குப் பதின்மூன்று வயது. ஊசி குத்திச் சோதித்தார்கள். பதில் இரண்டுங்கெட்டானாக வந்தது. நல்லது என்றும் சொல்ல முடியாது, கெட்டது என்றும் சொல்ல முடியாது, வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். இளம் பெண், பொறுமையானவர். குரலுக்குப் போகிற நரம்பு அந்த இடத்துக்குப் பக்கத்தால்தான் ஓடுகிறது, கவனமாகச் செய்வோம் என்றும் சொன்னார். பள்ளிக்கூடம் முடிந்து ஜூன் மாதத்தில் ஒப்பரேஷன் என்று முடிவானது. மகள் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். தழும்பு பெரிதாக இருக்குமா?

நான் லிபெர்த்தா பகுதியில் ஒரு வயோதிப வக்கீலைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறேன். குளிப்பாட்டி, சவரம் செய்து, சாப்பாட்டை வாயில் தீத்துவது என் பொறுப்பு. டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் அவருடைய கன்னத்தை வழித்து முடித்தேன். ரேஸரைக் கழுத்துக்குக் கொண்டுபோனபோது கை நின்றுவிட்டது. தளர்ந்த தோலுக்குக் கீழே நரம்பு துடிப்பது தெரிந்தது. கிழவர் ஒரு கண்ணைத் திறந்து, "என்ன, என்னை வேதசாட்சி ஆக்கப் போகிறாயா?" என்று கேட்டார். பகிடிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவர் கழுத்தில் வெள்ளைத் தாடியோடுதான் இருந்தார்.

வேதசாட்சி என்றால் மதத்துக்காக உயிர் கொடுத்தவர். அந்தச் சொல் அந்த வாரமே என் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. மனைவி பகேரியாவில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு ரயிலில் வந்திறங்கி, கைப்பையைக்கூட வைக்காமல் சொன்னாள்.

"நான் நேர்த்தி வைச்சிட்டன். கோயில் நாடகத்திலை இந்த முறை எங்கடை பிள்ளைதான் வேதசாட்சியா நடிக்கப் போறாள்."

எங்கள் பங்குக் கோயிலில் ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்த நாடகம் போடுவார்கள். இந்த நகரத்தில் பிறந்து, கடலுக்கு அப்பால் கொல்லப்பட்ட ஒரு பெண்பிள்ளையின் கதை. இந்த எழுத்தில் யாருக்கும் பெயரில்லை, அவளுக்கும் வேண்டாம். உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் போத்தலில் விற்கும் ஒரு காயின் பெயர்தான் அவள் பெயர் என்பது மட்டும் போதும்.

"அவளுக்கு எப்பிடிச் சாவு வந்தது எண்டு தெரியுமே உமக்கு?" என்று கேட்டேன்.

"ஓம். கழுத்து வெட்டித்தான்."

"பிள்ளைக்குக் கழுத்திலை ஒப்பரேஷன். அதுக்கு முதல் கிழமை கழுத்து வெட்டுற நாடகமோ? உமக்கென்ன விசரே?"

"கழுத்தைக் குடுத்தவளிட்டைத்தான் கழுத்தைக் கேக்க வேணும்" என்றாள் மனைவி. பிறகு அரிசி கழுவப் போய்விட்டாள்.

நான் சைவக்காரன்தான். என்றாலும் எந்தச் சாமியோடும் எனக்குச் சண்டையில்லை. எங்கள் சாமித் தட்டில் பிள்ளையாரும் மாதாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். இந்த ஊரின் பெரிய புனிதை இருக்கும் மலைக்கும் இங்கிருக்கும் எல்லாத் தமிழரையும் போல வெறுங்காலோடு ஏறியிருக்கிறேன். அந்த அம்மா குகையில் தனியே படுத்து அமைதியாகச் செத்தவர். அவரிடம் கேட்டால் என்ன என்று சமையலறை வாசலில் நின்று கேட்டுப் பார்த்தேன். அவவுக்குக் கழுத்து வருத்தம் தெரியாது என்று பதில் வந்தது. என் மனைவியோடு வாதாடி வென்றவர்கள் யாரும் உயிரோடு இல்லை.

அதன் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் எங்கள் சமையலறையில்தான் ஒத்திகை. மகள் என் சாரத்தைத் தோளில் போர்த்திக்கொண்டு, இத்தாலியனில் வசனத்தைச் சொல்லி, எனக்கு விளங்காத இடங்களைத் தமிழில் சொல்லித் தருவாள். ரோம ராச்சியம் உடைந்து விழுந்துகொண்டிருந்த காலம். வடக்கேயிருந்து வந்த ஒரு படை ஆபிரிக்கக் கரையைப் பிடித்து, அங்கிருந்து இந்தத் தீவையும் பிடித்தது. அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் வேறு மாதிரிக் கிறிஸ்தவர்கள். தங்கள் மாதிரிக்கு மாறாதவர்களை மறியலில் பூட்டி வைத்தார்கள். இவள் பெரிய வீட்டுப் பிள்ளை. நகைநட்டு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, மறியலில் கிடந்தவர்களிடம் போய், மனதை விடாதேயுங்கள் என்று சொல்லித் திரிந்தாள். பெரிய இடத்துப் பிள்ளை என்பதால் இங்கே வைத்து அவளைத் தொட ஆளுநருக்குப் பயம். படகில் ஏற்றித் தூனிஸுக்கு அனுப்பிவிட்டார். அப்போது அவளுக்கும் பதின்மூன்று வயது.

படகுக் காட்சியில் நான் எழுந்து பல்கனிக்குப் போய்விடுவேன். என்னையும் ஏறக்குறைய அந்த வயதில்தான் ஒரு வள்ளத்தில் ஏற்றிவிட்டார்கள். ஊரில் சண்டைக் காலம். மேலே ஹெலிகொப்டர் வருகிறதா என்று பார்த்துப் பார்த்து, யாரோ ஒருவருடைய ஈரச் சாக்குக்குக் கீழே சுருண்டு கிடந்தேன். அந்தப் பயணத்தில் எங்கள் வள்ளத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நான் பயந்த பயம் மட்டும் இறங்காமல் என்னோடேயே வந்துவிட்டது.

தூனிஸில் அவள் குருடருக்குப் பார்வை கொடுத்தாளாம், முடவரை நடக்க வைத்தாளாம். சனம் அவளுக்குப் பின்னால் போகத் தொடங்கியதும் அங்கிருந்த அதிகாரிக்குப் பொறுக்கவில்லை. மிருகங்கள் தின்னட்டும் என்று காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பாம்பு விலகிப் போனது, சிங்கம் பக்கத்தில் படுத்துக்கொண்டது. வேட்டைக்கு வந்தவர்கள் கண்டு, அவள் சொன்னதைக் கேட்டு, அவர்களும் அவள் பக்கம் சேர்ந்துவிட்டார்கள். திரும்பப் பிடித்து வந்து சவுக்கால் அடித்தார்கள். கொதிக்கும் எண்ணெயில் போட்டார்கள். அதிலும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மகள் மேசையில் ஏறிக் குந்தியிருந்து, காலை ஆட்டிக்கொண்டு சொன்னாள்.

"அப்பா, யோசிச்சுப் பாருங்கோ. சிங்கம் தொடேல்லை, பாம்பு தொடேல்லை, எண்ணெய் சுடேல்லை. கழுத்து வெட்டினது மட்டும்தான் வேலை செய்தது."

பயத்தில் எனக்கு வாய் நிற்காது. அது என் குணம். வாய்க்கு வந்தபடி ஏசினேன். "எல்லாத்துக்கும் தப்பினவள் கழுத்துக்குத் தப்பேல்லை. தன்ரை கழுத்தைக் காப்பாத்தத் தெரியாதவள் என்ரை பிள்ளையின்ரை கழுத்தை என்னெண்டு காப்பாத்துவாள்? இவளெல்லாம் ஒரு புனிதை!" மனைவி சட்டென்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மகள் மேசையிலிருந்து இறங்கி, சாரத்தை மடித்துக் கதிரையில் போட்டுவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

மறுநாள் கபோ சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனேன். அங்கே எனக்குப் பழக்கமான ஒரு தூனிஸ்காரர் ஒலிவ் காயும் சரக்குத்தூளும் விற்கிறார். அவள் பெயருள்ள காயைக் குவித்து வைத்துக்கொண்டு நின்றதால் கேட்காமல் இருக்க முடியவில்லை. உங்கள் ஊரில் கழுத்து வெட்டுப்பட்டாளாமே, இந்த ஊர்ப் பெண்பிள்ளை, கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

"கேள்விப்படாமல் என்ன?" என்றார். "எங்கள் பெரிய பள்ளிவாசல் நிற்கும் இடமே அவளுடைய இடம் என்று சொல்வார்கள். நாங்கள் முஸ்லிம்கள். ஆனாலும் அவளைப் பற்றிக் கூடாமல் ஒரு சொல் சொல்ல மாட்டோம். சொன்னவனுக்குக் கேடு வரும் என்று என் தாய் சொல்லுவா." சொல்லிவிட்டு, ருசி பார்க்க ஒரு காயை என் கையில் வைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, உப்புக் கூடிப் போச்சா?" என்று கேட்டார். நான் இன்னும் அதை வாயில் போடவேயில்லை.

மரக்கறிப் பையோடு நேரே அவளுடைய பழைய கோயிலுக்கு நடந்தேன். லிபெர்த்தா வீதி தொடங்கும் பக்கமாக, அவள் பெயரிலேயே உள்ள சதுக்கத்தில் இருக்கிறது. அந்தக் கோயிலுக்குக் கீழே ஆழத்தில் அவள் உடல் கிடக்கிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. உள்ளே நாலைந்து பேர்தான் இருந்தார்கள். எந்த மாதிரி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. கையை மாற்றிப் பிடித்து நெற்றியில் குட்டிக்கொண்டேன், காதைப் பிடித்துத் தோப்புக்கரணமும் போட்டேன். கத்தரிக்காய் இரண்டு பையிலிருந்து உருண்டு போயின. கோயில் கூட்டுகிறவர் தும்புத்தடியைப் பிடித்தபடி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். தங்கச்சி, நான் ஏசினதை என்னிலே வைச்சுத் தீர், பிள்ளையிலே வைக்காதே என்று கேட்டேன். அழுகை வந்துவிட்டது. பதின்மூன்று வயதுப் பிள்ளையை வேறு எப்படிக் கூப்பிடுவது?

நாடக நாள் வந்தது. கோயில் முற்றத்தில் பலகை அடித்து மேடை போட்டிருந்தார்கள். வெயில் இறங்கவேயில்லை. முன்வரிசையில் சின்னப் பிள்ளைகள், அதற்குப் பின்னால் இத்தாலியர், கடைசிக் கதிரைகளில் நம்மவர்கள். நாடகத்தை நடத்தியவர் ஞானோபதேசம் படிப்பிக்கும் ஒரு சின்யோரா. மெலிந்த மனுஷி, எல்லாவற்றையும் கையாலேயே இழுத்து நேராக்குகிறவர். முந்திய ஒத்திகையில், செத்துக் கிடக்கும் காட்சியில் மகளின் பாதங்கள் இரண்டு பக்கமும் விழுந்து கிடக்க, முன்னால் இருந்த பிள்ளைகள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்களாம். அது சின்யோராவுக்குப் பெரிய மனவருத்தம் என்று மகள் சொல்லியிருந்தாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

படகுக் காட்சியில் மகள் நன்றாகச் செய்தாள். சிங்கமாக வந்த பெடியன் கொட்டாவி விட்டான், எல்லோரும் சிரித்தார்கள். எண்ணெய்க் காட்சிக்கு மஞ்சள் துணியை ஆட்டினார்கள். பிறகு அவள் முழங்காலில் இருந்து, தலையைக் குனிந்து, தலைமயிரைத் தன் கையாலேயே ஒரு பக்கமாக ஒதுக்கிக் கழுத்தைக் காட்டினாள். அட்டை வாள் இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் மனைவி நிமிர்ந்து இருந்தாள். அவள் உயிர் பறந்து போவதாகக் காட்ட, பஞ்சாலும் கடதாசியாலும் செய்த ஒரு புறாவைக் கயிற்றில் மேலே இழுத்தார்கள். சனம் கை தட்டியது. முடிந்தது, தப்பிவிட்டோம் என்று நினைத்தேன்.

திரை மூடித் திறந்தது. மகளைச் சாய்வான பலகையில் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சு வரை வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார்கள். இரண்டு பக்கமும் மெழுகுதிரி. துணிக்கு வெளியே வெறும் பாதங்கள், எங்களைப் பார்த்தபடி. பாதங்கள் விழாமல் இருப்பதற்காக, இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்து ஒரு வெள்ளை நாடாவால் கட்டியிருந்தார்கள். கலியாணப் பெட்டிகளுக்குக் கட்டும் பளபளப்பான நாடா. அழகாக முடிச்சும் போட்டிருந்தார்கள்.

எங்கள் ஆட்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது பிரேதத்துக்கு. மூச்சு அடங்கிய பிறகு, உடம்பு விறைக்க முன், வீட்டு ஆட்கள் செய்வது அது. உயிருள்ள ஒருவருக்கு விளையாட்டுக்கும் செய்ய மாட்டோம். கடைசிக் கதிரைகளில் இருந்து ஒரே நேரத்தில் ஒரு முனகல் எழும்பியது. முன்னால் இருந்த இத்தாலியர், நாடகம் நன்றாக இருப்பதால் அழுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் எப்போது எழுந்தேன், யாருடைய காலை மிதித்தேன் என்று தெரியாது. மேடையில் முழங்காலில் நின்றுகொண்டிருந்தேன். முடிச்சு அவிழவில்லை. கடைசியில் குனிந்து பல்லால் கடித்து இழுத்தேன். மகளின் பாதம் சில்லென்று இருந்தது. அந்த வெயிலிலும் அந்தப் பாதம் அவ்வளவு குளிராக இருந்ததை நான் மறக்க மாட்டேன். கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அந்தக் காலத்து வேதசாட்சியின் தகப்பன் பாத்திரம் என்று நினைத்துவிட்டார்கள் போலும்.

நாடா அறுந்தது. அப்போது மகள் கண்ணைத் திறக்காமல், உதட்டை மட்டும் அசைத்தாள்.

"அப்பா, போங்கோ. நான் பழகிறன்."

"என்னத்தைப் பழகிறாய்?"

"அசையாமல் கிடக்க. கத்தியோடை ஆக்கள் கிட்ட வாற நேரம் பயப்பிடாமல் கிடக்க. அங்கை ஆஸ்பத்திரியிலை அழக் கூடாதெல்லோ, அதுக்குத்தான். நீங்கள் வந்து எல்லாத்தையும் கெடுக்கிறியள்."

இவ்வளவு நாளும் இந்த வீட்டில் பயந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். தழும்பைப் பற்றி மட்டும் கேட்ட பிள்ளை, மேசையில் இருந்து காலை ஆட்டிய பிள்ளை, தன் பயத்தை எனக்குத் தெரியாமல் தனியே கட்டி மேய்த்திருக்கிறாள். நான் அதற்குப் பக்கத்தில் நின்று சத்தம் போட்டிருக்கிறேன். அவளுடைய பாதத்தைத் துணியால் மூடிவிட்டு, நாடாவைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கினேன். சின்யோரா கோபமாக ஏதோ கேட்க வந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மகள் முன்னால் போனாள். மனைவியிடம் நல்ல ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்தாள். வீதியில் அப்படிப் பிடிக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"நானும் கண்டனான்" என்றாள். "திரை திறந்த உடனை கண்டிட்டன். எழும்ப வேணும் எண்டு நினைச்சன். எனக்குக் கால் வரேல்லை." அவள் கை வியர்த்திருந்தது. "அந்த நாடாவை என்ன செய்தனீங்கள்?"

"பொக்கற்றுக்கை கிடக்கு."

"வீட்டுக்கை கொண்டு வராதேங்கோ."

சந்தி முனைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவள் திரும்பிப் பார்க்க வேண்டாம் என்றாள். இரண்டு பேரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். இரண்டு பேர் சேர்ந்து பயப்படுவது கொஞ்சம் லேசாகத்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் காலமே மகளைத் தள்ளுகட்டிலில் கிடத்தினார்கள். பச்சைத் தொப்பி, கழுத்துக்குக் கீழே வெள்ளைத் துணி. நாடகத்தில் கிடந்த மாதிரியே கிடந்தாள். மனைவி செபமாலையை உருட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். கட்டில் நகரும்போது மகள் என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இஞ்சை பாருங்கோ."

காலால் துணியை உதறித் தள்ளினாள். பாதம் இரண்டும் வெளியே வந்தன. பெருவிரல் இரண்டையும் ஒன்றுக்கொன்று எட்டாமல் அகல விரித்து, எனக்குக் காட்டி, ஆட்டினாள். தாதி ஏதோ சொல்லித் துணியை இழுத்து மூடினாள். கதவு சாத்திக்கொண்டது.

காத்திருந்த நேரத்தை எழுத எனக்குத் தெம்பில்லை. யன்னல் வழியாக ஒரு பனை மரமும் கார் நிறுத்தும் இடமும் தெரிந்தன. அவளிடம்தான் பேசிக்கொண்டிருந்தேன், அந்த மற்றப் பிள்ளையிடம். உன் தகப்பன் எங்கே நின்றான்? உன்னைப் படகில் ஏற்றியபோது கரையில் நின்றானா, வீட்டுக்குள் ஒளிந்துகொண்டானா? நாடகத்தில் அவனுக்கு ஒரு வசனமும் இல்லை. கடலுக்கு அப்பால் வாள் இறங்கிய செய்தி அவனுக்கு எப்போது போய்ச் சேர்ந்ததோ? சிங்கம் தொடவில்லை, எண்ணெய் சுடவில்லை என்று யாராவது முதலில் வந்து சொல்லியிருப்பார்கள். அவனும் நம்பியிருப்பான்.

கட்டி முழுதாக வந்துவிட்டது, பார்வைக்குப் பயப்படும்படி இல்லை என்று டாக்டர் வெளியே வந்து சொன்னார். சோதனைப் பதில் பிறகு வந்தது, நல்லதாகவே வந்தது. ஆனால் அந்த நேரத்தில் டாக்டர் சொன்ன இத்தாலியன் ஒன்றும் என் காதில் ஏறவில்லை. அவருக்குப் பின்னால் கட்டில் வந்துகொண்டிருந்தது. கழுத்தில் பெரிய வெள்ளைக் கட்டு. முகம் வெளிறி, கண் மூடி, வாய் சற்றே திறந்திருந்தது. மனைவி தலைப் பக்கம் ஓடிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இன்னும் மயக்கம் தெளியவில்லை, பேச வைக்காதீர்கள் என்றாள் தாதி.

நான் தலைப் பக்கம் போகவில்லை. கால் பக்கம் போய், துணியை மெல்லத் தூக்கினேன். பாதங்கள் இரண்டும் சேர்ந்து கிடந்தன. என் உள்ளங்கையை அவற்றுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கட்டிலோடு கூடவே நடந்தேன். வாட்டுக் கதவுக்குக் கிட்டப் போகும்போது, அவள் கண் திறக்காமலே, என் கையின் இரண்டு பக்கத்திலும் பெருவிரல்கள் விரிந்தன.